நான்கு அங்குலம் முன்னால்

ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு மனிதர் எந்த நாற்காலியிலும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள் நம்புவார்கள். குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர்; பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கூட்டம் நடந்தால் கதவோரம் நிற்பார். நின்றபடியே சாவியைச் சுழற்றுவார். மேலதிகாரி முறைத்தால் வெளியே போய் வண்டியில் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு வருவார். கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவர், மாப்பிள்ளையை யாராவது கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியதை அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவரை அடக்கி உட்கார வைத்த இருக்கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அலுவலகத்தின் நான்கு சக்கரமும் இழுக்கும் டிரக்கில் ஓட்டுநர் இருக்கை. அதில் ஏறிவிட்டால் ஆறு மணி நேரம்கூட ஆள் அசைய மாட்டார். பதினாறு வருடம், குழாய் உடைந்த இடத்துக்கெல்லாம் சேற்றிலும் பாறையிலும் அந்த வண்டியை ஓட்டினார். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் முதல் நாளே இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டார். அது அங்கேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. வேறு யாராவது ஓட்ட வந்தால் கால் எட்டாமல் பாதி படுத்தபடி ஓட்டிவிட்டு, இறங்கியதும் திட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் திட்டு அவர் காதுக்கு வரும்போதெல்லாம் உள்ளூர ஒரு சந்தோஷம்.

பதினேழு மாதங்களுக்கு முன், அலுவலகச் சாப்பாட்டு அறையில் தட்டோடு சரிந்து விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்றார் நரம்பு மருத்துவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பதினெட்டு மாதம் சின்னதாகக்கூட எதுவும் வராமல் இருந்தால் மறுபடி ஓட்டலாம் என்று கடிதம் தருவார். அதுவரை எந்த வண்டியும் ஒரு அங்குலம்கூட ஓட்டக் கூடாது. அலுவலகம் அவரைக் கிடங்கில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்தது. பம்பரத்தை டப்பாவுக்குள் போட்டு மூடியது போல நான்கு மாதம் போயிற்று. ஐந்தாவது மாதம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதே மாதம் அலுவலகம் அந்த டிரக்கையும் பழசு என்று கழித்து ஏலம் விட்டது. அவர் போய் நின்றார். அவரை விட்டால் அதைக் கேட்க ஆளே இல்லை.

வண்டி வந்து வீட்டுப் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. அதற்கு ஒரு வேலையும் தானாகவே வந்து வாய்த்தது. அவர் மனைவி, மருத்துவமனைகளின் துணியைத் துவைத்துக் கொடுக்கும் தொழிற்கூடத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறாள். தொழிற்கூடம் ஊருக்கு வெளியே, கல்குவாரியைத் தாண்டிப் புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறது. அங்கே காலை முறைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்கு வேலை. முதல் பேருந்தே ஏழரைக்குத்தான். கடைசி இரண்டு கிலோமீட்டர் தாரே போடாத ஏற்றம், மழை பெய்தால் சாதாரணக் கார் ஏறாது. வரும் மாதம் ஒன்றாம் தேதி அவள் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பு அடுத்தவருக்குப் போய்விடும்.

அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இருபத்தெட்டாம் தேதி மருத்துவரிடம் போக வேண்டிய நாள். அன்றோடு பதினெட்டு மாதம். கடிதம் கைக்கு வந்துவிட்டால் தினமும் காலையில் அவரே கொண்டுபோய் விடுவார், மத்தியானம் அவரே கூட்டிவருவார். வாழ்க்கையில் மறுபடியும் ஒரு வேலை, ஒரு நேரம், ஒரு இருக்கை. கடிதம் ஏதாவது தாமதமானால் ஆகட்டும் என்று மனைவி ஒரு முன்யோசனையோடு நாற்பத்தெட்டு வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து உரிமமும் வாங்கிவிட்டாள். அவருக்கு அது பிடித்தது மாதிரியும் இருந்தது, பிடிக்காத மாதிரியும் இருந்தது.

"சும்மா கையில இருக்கட்டும். நான்தான் இருக்கேன்ல," என்றார்.

காட்டுமேடு சுற்றிய வண்டியைத் தினசரி வண்டியாக மாற்ற வேண்டும் என்றதும் வீட்டில் இரண்டு பட்டியல் தயாராயிற்று. குளிர்பெட்டிக் கதவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. மனைவியின் பட்டியலில் ஐந்து வரி: ஏற ஒரு படி, பெரிய பக்கக் கண்ணாடி, மிதிக்க லேசான கிளட்ச், சத்தம் போடாத டயர், கால் எட்டும்படி இருக்கை. அவருடைய பட்டியல் இரண்டு பக்கம் போயிற்று. கூரை மேல் நான்கு விளக்கு, முன்னால் இழுவைக் கம்பிவடம், வெள்ளத்திலும் மூச்சு விடக் காற்றுக் குழாய், பின்னால் கூடுதல் டீசல் தொட்டி. துணி துவைக்கும் இடத்துக்குப் போக எதற்கு இத்தனை என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. மைத்துனர் கேட்டார். அவர் மனைவியின் தம்பி, டயர் கடை வைத்திருப்பவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

"அத்தான், அக்கா வேலைக்குப் போறாளா, போருக்குப் போறாளா?"

பத்து மாதத்தில் அவர் பட்டியல் முக்கால்வாசி முடிந்தது. மனைவியின் பட்டியலில் ஒரு வரி அடிபட்டிருந்தது, பக்கக் கண்ணாடி. அதுவும் பழையது கையோடு கழன்று வந்ததால். ஆழமான பள்ளம் வெட்டிய சேற்று டயர்கள் தார்ச்சாலையில் லாரி வருவது போல உறுமும். நான்கையும் ஒரே அளவில் சாலை டயராக மாற்றித் தருகிறேன் என்று மைத்துனர் மூன்று முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். பார்க்கலாம் மாப்ளே என்று இவரும் மூன்று முறையும் சொன்னார். இருக்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவருக்கு எங்காவது அவசரமாகப் போக வேண்டியிருக்கும். மனைவி முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணையை வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி ஓட்டிப் பழகினாள். அவர் பக்கத்தில் நடந்துகொண்டே வந்தார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பத்து மாதத்தில் இஞ்சினை நூறு முறை கிளப்பியிருப்பார், ஆனால் தான் உட்கார்ந்து சக்கரத்தை ஒரு சுற்றுகூட ஓட விட்டதில்லை. மருத்துவர் சொன்னதை அந்த அளவுக்கு மதித்தார்.

இனி நடந்தது புரிய வேண்டும் என்றால் அந்தப் பழைய வண்டியின் ஒரு குணம் தெரிய வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குமிழ் இருக்கும். சேற்றில் இறங்குவதற்கு முன் ஓட்டுநர் கீழே இறங்கி, இரண்டு குமிழையும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே ஒரு கம்பியைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நல்ல சாலைக்கு வந்ததும் திருப்பி விடுவிக்க வேண்டும். பூட்டினால் முழுசாகப் பூட்ட வேண்டும், விட்டால் முழுசாக விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் உள்ளே பல்லும் பல்லும் உரசிக் கடகடவென்று சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் பல் போய்விடும்.

பம்பரம் பதினாறு வருடத்தில் ஒருநாளும் அதை நடுவில் விட்டதில்லை. அவசரக்காரர்தான், ஆனால் இதில் மட்டும் தனி ஒழுங்கு. வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றி வருவார். வலது குமிழைத் தொட்டு "வலது" என்பார். இடதைத் தொட்டு "இடது" என்பார். ஏறி உட்கார்ந்து கம்பியைத் தொட்டு "கம்பி" என்பார். வாய்விட்டுச் சொல்வார். ராத்திரி அழைப்பு வந்து வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுக்கும்போதும் அப்படித்தான். பொறியாளர்கள் ஜீப்பில் காத்திருந்து, வண்டிக்கு நாடி பார்க்கிறார் என்று கேலி செய்வார்கள். செய்தால் செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

இருபதாம் தேதி காலை, முன் சக்கரங்களைக் கழற்றிக் குமிழ்களுக்குள் புது மசகு வைத்தார். மாட்டி முடித்து, சரியாகத் திரும்புகிறதா என்று பூட்டிப் பூட்டி விடுவித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு கோப்பைத் தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டில் நின்றது அவருக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, இடது சக்கரத்தின் மேல் கன்னம் பதிந்திருந்தது, துணி கீழே கிடந்தது, வாயோரம் ஈரம், தேநீரில் ஆடை படிந்திருந்தது.

தூங்கிவிட்டோம் என்று நினைத்தார். நினைத்தார் என்பதைவிட, அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று தனக்கு உத்தரவு போட்டுக்கொண்டார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, வெயில் வேறு, யாருக்குத்தான் கண் அசராது. சாமான்களை எடுத்து வைத்தார். வண்டியைச் சுற்றி வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி விடுமுறை. புதுக் கட்டடம் வரை ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று மனைவி தலையணைகளோடு ஏறினாள். அவர் மறுபக்கம் ஏறி, ஏறியதிலிருந்தே சொல்லத் தொடங்கினார்: கிளட்சை முழுசா விடு, வலது பக்கம் பார், ஏன் இவ்வளவு மெதுவா. முக்கியச் சாலைக்கு வந்ததும் முன்னால் இடது பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. கியரைச் சரியாகப் போடவில்லை என்று கத்தினார். அவள் மறுபடி போட்டாள். சத்தம் நிற்கவில்லை. இப்படித்தான் நல்ல வண்டியைக் கெடுப்பார்கள், ஓட்டுநர் பள்ளிப் பொம்மைக் காரில் கற்றுக்கொண்டால் இப்படித்தான் என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நிதானம் போகவில்லை. கிளட்சை மிதித்து, கியரை எடுத்துவிட்டு, வண்டியைச் சும்மா உருள விட்டாள்.

"இப்போ கியரே இல்லீங்க. சத்தம் வருதே, கேளுங்க."

வந்தது. அவர் இறங்கி இடது சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார். குமிழ் பூட்டியும் இல்லை, விட்டும் இல்லை. இரண்டுக்கும் நட்ட நடுவில் நின்றது.

அதை அப்படி விட்டது அவர் கைதான். வேறு யாரும் அந்தக் குமிழைத் தொட்டதில்லை. திருப்பிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றிருக்கிறது. தூக்கம் வந்தால் கை இப்படிப் பாதித் திருப்பத்தில் நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.   பிறகு குமிழை முழுசாகத் திருப்பி விடுவித்தார். சாலையோரத்தில் கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கல்லு மாட்டியிருந்துச்சு," என்று அதைக் காட்டினார்.

அவள் கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சரி என்று வண்டியை எடுத்தாள். புதுக் கட்டடம் வரை சத்தமே இல்லை. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதைக்கூட அவரால் கேட்க முடியவில்லை. கேட்டால் அந்தக் கல் பொய் என்று ஆகிவிடும்.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தவர்கள் பாவம். மனைவியும் மைத்துனரும்தான் மாறி மாறி மாட்டிக்கொண்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்க் கேட்டைத் திறந்து பார்ப்பார், மூடுவார். டயர் கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். காலண்டரில் இருபத்தெட்டைப் பார்ப்பார். மருத்துவர் என்ன கேட்பார் என்று அவருக்கு மனப்பாடம்: இடையில் ஏதாவது வந்ததா? இல்லை என்று ஒரு வார்த்தை. யாரும் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பை வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு எதிரில் கடிதம் இருந்தது, இருக்கை இருந்தது, காலை ஐந்தரைக்கு ஒரு வேலை இருந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைத்து என்ன பயன்? உயிரே அதில்தான் இருந்தது.

ஆனால் கல்குவாரி வளைவு குறுக்கே வந்து நின்றது. அந்த வளைவில் சாலைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெட்டியெடுத்த பள்ளம். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். பாதியில் கை நின்றால் வண்டி எங்கே போகும் என்றும் தெரியும். பக்கத்து இருக்கையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு அவள் இருப்பாள். இதை நினைத்ததும் அவர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார், மூடினார், திரும்பி வந்தார். மறுபடி நினைத்தார். எத்தனை முறை எழுந்து போனாலும் கை பாதியில்தான் நின்றது.

இருபத்தைந்தாம் தேதி காலை குளிர்பெட்டிக் கதவிலிருந்து தன் பட்டியலைக் கிழித்து எடுத்தார். மனைவியின் பட்டியலை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கூரை விளக்குகளையும் இழுவை வடத்தையும் கழற்றினார்; முன்பக்கம் கனம் குறைந்தது. பின்பக்கம் பாரம் தாங்கும் வில்பட்டைகளில் ஒன்றை எடுத்தார், வெறும் வண்டி இனித் தூக்கிப் போடாது. இரண்டு கதவுக்குக் கீழேயும் இரும்புக் குழாயில் படி வைத்தார். கிளட்சைப் பிரித்துப் புதுசு போட்டு, மிதியை உள்ளங்கையால் அழுத்தினாலே இறங்கும்படி செய்தார். மைத்துனர் நான்கு சாலை டயர்களைக் கொண்டுவந்து மாட்டினார். போர் முடிஞ்சிருச்சா அத்தான் என்று கேட்டார். 

இருபத்தேழாம் தேதி மத்தியானம் ஒரு வரிதான் பாக்கி. ஒட்டிப்போன இருக்கையை அடியோடு அறுத்து எடுத்தார்கள். மனைவியின் கால் நீளத்தை அவர் எப்போது அளந்தார் என்று தெரியாது. ஒரு நூல் துண்டில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அந்த முடிச்சு வரை வைத்துப் பார்த்தால் நான்கு அங்குலம் முன்னால். தரையில் புது ஓட்டை நான்கு போட்டு இருக்கையை முடுக்கினார்கள். பழைய ஓட்டைகள் நான்கும் பின்னால் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

"அது இருக்கட்டும் அத்தான். நாளைக்கு நீங்க ஓட்டணும்னா பின்னால தள்ளி முடுக்கிக்கலாம்," என்றார் மைத்துனர்.

"தகடு வச்சுப் பத்த வச்சிடு மாப்ளே. தண்ணி ஏறும்."

மைத்துனர் அவர் முகத்தைப் பார்த்தார். வாய்க்குப் பூட்டு இல்லாத மனிதர். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் நான்கு ஓட்டையையும் பற்றவைத்துவிட்டு, கருவியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். மனைவி வழக்கம்போல் இரண்டு தலையணையோடு வந்தாள். படியில் கால் வைத்தாள், ஏறி உட்கார்ந்தாள். தலையணைகளுக்கு இடமில்லை. முதுகு இருக்கையில் சாய்ந்திருந்தது, பாதம் முழுசாகக் கிளட்ச்சின் மேல் இருந்தது. ஒருமுறை மிதித்து விட்டுப் பார்த்தாள். சிரித்தாள். திரும்பிப் பின்னால் பார்த்தாள், தரையில் நான்கு தகடுகள் புது மினுமினுப்போடு இருந்தன. சிரிப்பு நின்றது.

"இதுல நீங்க எப்படி உட்காருவீங்க? முழங்கால் இடிக்குமே."

"நான் அந்தப் பக்கம்தானே உட்காரப் போறேன்."

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்போ வந்துச்சு?" என்று கேட்டாள்.

"இருபதாம் தேதி. நீ தேநீர் வச்சிட்டுப் போனியே, அப்போ. கல்லு எதுவும் இல்லம்மா. உன் மேல பழியைப் போட்டேன்."

"கல்லுல மசகே இல்ல," என்றாள். "அன்னைக்கே பார்த்தேன். சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

 அவருக்குக் கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. டாக்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள். தலையணைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். முன்னால் போய் வலது குமிழைத் தொட்டு "வலது" என்றாள். சுற்றி வந்து இடதைத் தொட்டு, அது முழுசாகத் திரும்பியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து "இடது" என்றாள். ஏறிக் கம்பியைத் தொட்டாள். அவர் சொல்லிக் கொடுத்ததே இல்லை. இருபத்தைந்து வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

"ஏறுங்க," என்றாள்.

அவர் மறுபக்கம் ஏறினார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலையணைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி கேட்டைத் தாண்டியது. டயர்கள் சத்தம் போடவில்லை. முதல் வளைவில் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. இரண்டாவது வளைவிலும் அழுத்தியது.

"அங்க பிரேக் இல்லீங்க."

"தெரியும்," என்றார். காலை எடுக்கவில்லை.

நேர்ச்சாலை வந்தது. அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் கியரிலிருந்து இடது கையை எடுத்து அந்த முழங்கால் மேல் வைத்தாள். அடுத்த வளைவு வரை வைத்திருந்துவிட்டு, கியர் மாற்ற எடுத்துக்கொண்டாள்.